நண்டுக் கதைக்கு முழு மார்க்

நவுவாவிலிருந்து தலைநகர் சுவா போகும் பஸ்ஸில் மழைக்குத் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு முன் சீட்டில் தென்னிந்தியர் சங்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும். இந்தத் தீவில் அபூர்வமாகக் காதில் விழும் தமிழ் கேட்டதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"மூணாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி என் கதையத் தூக்கிக் கடாசிட்டா."

"நீங்களே எழுதுன அந்த நண்டுக் கதையா?"

"ஆமா. படிச்சிட்டுக் கட்டுரை எழுதுங்க, புடிச்சுதா இல்லியா, காரணம் சொல்லுங்கன்னேன். 'கதை நல்லா இல்ல. நண்டு வழி தெரியாம நாள் பூரா அழுவுது. பக்கத்துல மீன் புடிக்கிற ஒரு அம்மாவக் கேட்டிருந்தா அப்பவே வீட்டுக்குப் போயிருக்கும்'னு எழுதியிருக்கா."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்ன மார்க் போட்டீங்க?"

"முழு மார்க்."

"கோவம் வரலியா?"

"வந்துது. சோறு எறங்கல. ஆனா மத்த புள்ளைங்க எல்லாம் 'கதை மிக நன்று'ன்னு ஒரே மாதிரி எழுதிட்டாங்க. நெசமா படிச்சவ அவ ஒருத்திதான்."

"நான்கூட நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்?"

வாத்தியார் திரும்பி அவளைப் பார்த்தார்.

அவள் அவசரமாகத் தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்தாள். "லாமி ஸ்டாப் வந்துருச்சு போல," என்றாள்.