கீழே ஒருத்தி, மேலே ஒருவர்

என்னிடம் வருகிறவர்களை முதலில் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பேன். பசியோடு இருக்கிறவன் அண்ணன் தம்பி பார்க்காமல் கடித்துவிடுவான். குடும்பத் தகராறு, உயில், கூட்டு வியாபாரம், இவை மூன்றும்தான் என் தொழில். உண்மையில் மூன்றும் ஒரே சண்டைதான். வீட்டில் ஆரம்பித்து, கடையில் வளர்ந்து, யாராவது செத்த பிறகு என் மேஜைக்கு வந்து சேரும்.

நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், அதற்கு நன்றி. நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் அலுவலகத்தில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு நடை. சண்டைக்காரர்களை நான் எதிரெதிரே உட்கார வைத்ததே இல்லை. முகத்தைப் பார்த்தால் பழசெல்லாம் கிளம்பும். ஆளுக்கொரு அறை கொடுத்துவிட்டு நான் நடுவில் நடப்பேன். வழக்கு முடிகிற வரை நேரில் பேசக்கூடாது, போனும் கூடாது என்பது என் நிபந்தனை. இவர் சொன்னதை அவரிடம் அப்படியே கொண்டுபோக மாட்டேன், முள்ளை எடுத்துவிட்டுத்தான் கொண்டுபோவேன். "அவ மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று இந்த அறையில் சொன்னது, அந்த அறைக்குப் போகும்போது "கொஞ்சம் வருத்தத்துல இருக்காரு" என்று ஆகிவிடும். இப்படி எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். வாழ்த்திவிட்டுப் போனவர்கள்தான் அதிகம்.

மெத்தைக்காரரும் அப்படித்தான் வந்தார். ஊருக்கெல்லாம் மெத்தை செய்து விற்றவர், தனக்கு மட்டும் தூக்கமே வருவதில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் மனைவி சாகும்போது, மெத்தைத் தொழிற்சாலையில் தன் பாதிப் பங்கை மகள் பேருக்கு எழுதிவிட்டுப் போயிருந்தார். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. உயில் செல்லாது என்று குதித்தார். மகள் வீட்டை விட்டு வெளியேறினாள். இருவருக்கும் ரோஷம் மூக்கின் நுனியில். இருவருக்கும் பழக்கமான வக்கீல் நான் ஒருவன்தான், ஆகவே இருவரும் என்னிடமே வந்தார்கள்.

அந்தக் கோபத்தில்தான் அவர் இன்னொன்றும் எழுதிக் கொடுத்தார். தன்னால் பேச முடியாமல் போனால், சிகிச்சை பற்றி மகள் முடிவெடுக்கக் கூடாது, நான்தான் எடுக்க வேண்டும் என்று. வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. மனைவி என்னைக் கைகழுவிவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. அந்தப் பெண் தன் அறையில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாள். ஒரு நாள் என் கோட்டைப் பார்த்துவிட்டு, "என்ன சார், பட்டன் தொங்குது, இப்படியேவா கோர்ட்டுக்குப் போறீங்க? கழட்டுங்க" என்றாள். கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்துத் தைத்தும் கொடுத்தாள். நான் இருமினால் மறுமுறை மருந்தோடு வருவாள். "வேளாவேளைக்கு சாப்பிடலன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்று அதட்டுவாள். என்னை அப்படி அதட்ட யாரும் இருந்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொல்வதில் என்ன வெட்கம்?

அவள் என் கோட்டைத் தைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் அவள் அப்பா அந்த அறையில் உடைந்து போனார். "பாப்பா சொன்னதுதான் சரி, வக்கீல் சார். புத்தி கெட்டுப் போயிட்டேன். ஒரு வார்த்த வரச் சொல்லுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

நடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள். "என்ன சொல்றாரு?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்றாரும்மா."

நான் யோசித்துச் சொன்னதல்ல. அன்றைக்கு அவள் எழுந்து அந்த அறைக்குப் போயிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவரிடம் போய், "பாப்பாவுக்கு இன்னும் மனசு ஆறல" என்றேன். அவர் தலையை ஆட்டினார். என்னை நம்பாமல் இருக்க அவருக்குக் காரணமே இல்லை. அதன் பிறகு இரண்டு பக்கமும் முள்ளைச் சேர்த்துக் கொண்டுபோகிற வேலையாகிவிட்டது. அதுவும் என் தொழில்தான், திசை மட்டும் மாறியது.

பிறகு அவர் விழுந்தார். ஒரு பக்கம் கைகால் வரவில்லை, வாய் கோணிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அவள் என்னை முந்திக்கொண்டு ஓடி வந்திருந்தாள். "உன்ன உள்ள விட வேண்டாம்னு முன்னாடியே சொல்லி வச்சிருக்காரும்மா" என்றேன். அவள் என்னிடம் சண்டை போடவில்லை. கீழே, மருந்துக்கடைப் பக்கம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். "அவருக்குத் தெரிய வேணாம். நான் இங்கயே இருக்கேன் சார்."

மேலே டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "மூளையில ரத்தக்கட்டி இருக்கு. இப்ப எடுத்துட்டா உயிருக்கு பயமில்ல. பேச்சும் நல்லா திரும்பிடும். அவரு சொல்றது எங்களுக்குப் புரியல, நீங்கதான் சொல்லணும்."

பேச்சு திரும்பும் என்றார். அதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலருகே போனேன். அவர் நல்ல கையால் என் சட்டையைப் பிடித்தார். வார்த்தைகள் குழறின, ஆனால் எனக்குப் புரிந்தது. எத்தனை மாதம் அவர் சொல்லைக் கேட்டுச் சுமந்தவன் நான். "பண்ணுங்க... பாப்பாவ... பாக்கணும்" என்றார். அப்போது கட்டிலருகே நின்றிருந்த நர்ஸ்தான் பிறகு உங்களிடம் புகார் கொடுத்தவள், அவளுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அவள் சொன்னது சரி.

நான் டாக்டரிடம் திரும்பி, "கத்தி வைக்க வேண்டாம், நிம்மதியாப் போக விடுங்கன்னு கேக்கறாரு" என்றேன். கையெழுத்தும் போட்டேன். அவர் என் சட்டையை விடவே இல்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.

மறுநாள் மாலை உயிர் போயிற்று. அதுவரை அவள் அந்த பெஞ்சிலேயே இருந்தாள்.

இறங்கிப் போய்ச் சொன்னேன். அவள் உடனே அழவில்லை. "கடைசியா என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா சார்?" என்று கேட்டாள்.

இங்கே நான் இரக்கம் காட்டியிருக்கலாம் என்பீர்கள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். போனவர் திரும்பி வந்து சாட்சி சொல்லப் போவதில்லை, எனக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஆமாம் என்றால் அவள் படியேறி மேலே ஓடியிருப்பாள். அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். ஆயுசுக்கும் அவர் மகளாகவே இருந்திருப்பாள்.

"இல்லம்மா" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு முதல் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். இன்று காலைகூட, உங்கள் ஆட்கள் என்னை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது, "எங்கப்பாவ எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டு வாசல்வரை ஓடி வந்தாள்.

நான் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், எதையும் மறுக்கப் போவதில்லை. இதையும் சேர்த்து எழுதிக்கொண்டால் போதும். அந்த நேரத்தில் நான் மட்டும் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால், பாவம், அந்தப் பெண் அநாதையாகியிருப்பாள்.