பின்னால் விழுந்த தண்ணீர் டேங்க்

தாம்பரத்தில் ரயில் ஏறினேன். எதிரே கேமரா பையோடு இரண்டு பேர்.

"மிதிச்சாக்கூட தெரியாதுண்ணா. ஆள்காட்டிக் குருவி முட்டை அப்படியே ஜல்லிக்கல் மாதிரி தரையில கிடக்கும்," என்றார் இளையவர்.

"அடைகாக்கற பறவையோட படத்தை குரூப்ல போடக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"ஆசையில போட்டுட்டேன். லொகேஷன்கூட போடலை. ஆனா படத்துல பின்னாடி தண்ணி டேங்க் விழுந்திருக்கு, அதுல நகர் பேரு எழுதியிருக்கு."

"அழிச்சுத் தொலைக்க வேண்டியதுதானே!"

"அழிச்சுட்டேன். அதுக்குள்ள கோவிலம்பாக்கம்னு ஒருத்தர் கண்டுபிடிச்சுட்டார்."

குரோம்பேட்டையில் இளையவரின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர், கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னவாம்?"

"குரூப் ஆளுங்க நாலு பேர் அங்க நிக்கறாங்கண்ணா. பறவை தலைக்கு மேலேயே கத்திக்கிட்டு சுத்துதாம். முட்டை எங்கேன்னு என்னைக் கேக்கறாங்க."