மூட்டைமேல் எழுதிய சொல்

ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும், சார்ஜென்ட். அதற்குமேல் போனால் செரிக்காது. ஐந்தையும் நோட்டில் எழுதி, வேர் பிரித்துப் பார்த்து, அன்றைக்கே யாரிடமாவது பிரயோகித்துவிட வேண்டும். முப்பத்தொரு வருடமாக என் ஆங்கிலத்தை இப்படித்தான் வளர்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் விட்டதில்லை.

நீங்கள் கேட்டது காராமணியைப் பற்றி. மறக்கவில்லை. அதற்கும் தொடக்கம் இதுதான்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் என்னை உமோரென் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. டிக்‌ஷனரி சார் என்பார்கள். எங்கள் உயோ ஊர்ச் சந்தையில் மீன்காரிகள்கூட, "டிக்‌ஷனரி வர்றாரு, காதைத் துடைச்சுக்குங்கடி" என்பார்கள். ஆண்டுவிழாவில் நான் எழுந்து நின்றால் கள்ளுக்குடுவையைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார்கள். "பெரிய கிராமரா எடுத்து விடுங்க சார்!" என்று கத்துவார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. மரியாதை என்பது அதுதானே. மறுநாள் ஒவ்வொருவராக என் வீட்டு ஜன்னலுக்கு வந்து, "சார், நேத்து ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்பார்கள். அந்தக் கேள்வியில்தான் நான் உயிரோடு இருந்தேன்.

பிறகு மிஸ் இமாபோங் வந்தார். வயது இருபத்தாறு. முதல் நாள் வகுப்பிலேயே, "புரியாத வார்த்தை வந்தா பயப்படாதீங்க. கைபேசியில தட்டுங்க, ரெண்டு நொடி. எழுதும்போது சின்ன வார்த்தையா எழுதுங்க" என்றார். அந்த வருடம் எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் காலத்தில் மூன்று பேர் தேறினால் பெரிது. மொழியை நான் அவ்வளவு உயரத்தில் வைத்திருந்தேன்.

முதல்வர் அஸுக்வோ என்னைப் பண்டகசாலைக்கு மாற்றினார். "பதவி உயர்வுன்னு வச்சுக்குங்க சார்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு மனிதர்கூட என்னிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கவில்லை. வாயிற்காவலனிடம் ஒருநாள் எட்டசைச் சொல் ஒன்றைப் பிரயோகித்தேன். "உங்களுக்கும் அப்படியே ஆகட்டும் சார்" என்று சொல்லிவிட்டுக் கோலாக்கொட்டையை மென்றுகொண்டிருந்தான். கடைசியில் சவரக் கண்ணாடியைப் பார்த்து நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அதை நீங்கள் எழுத வேண்டாம்.

பள்ளித் தோட்டத்துக்கு விதைக் காராமணி வந்தது. வண்டு விழாமல் இருக்க நான்தான் மருந்துப்பொடி கலந்தேன். மூட்டையின்மேல் எச்சரிக்கை எழுத வேண்டும் என்பது விதி. விஷம் என்று எழுதியிருக்கலாம். ஆங்கிலத்தில் ஆறே எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் படித்துவிடும். படித்துவிட்டால் என்னிடம் யார் வருவார்கள்? ஆகவே 'டெலிடீரியஸ்' என்று எழுதினேன். தீங்கு செய்வது என்று பொருள். எந்த அகராதியில் வேண்டுமானாலும் பாருங்கள், தவறு சொல்ல முடியாது. புரியாத மூட்டையில் யாரும் கை வைக்கமாட்டார்கள், ஒருவராவது வந்து கேட்பார் என்று கணக்குப் போட்டேன். வருகிறவர் உட்கார என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் போட்டு வைத்தேன்.

ஆறு வாரம் அது காலியாகவே கிடந்தது.

என் பணி ஓய்வுக்கு விருந்து வைத்தார்கள். அன்று காலை சமையற்காரி அரிட், தலையில் பெரிய பேசினோடு பண்டகசாலையிலிருந்து வெளியே வந்தாள். பேசின் நிறையக் காராமணி.

"சரியான கஞ்சப் பிசினாரி சார் நீங்க! டெலிஷியஸ்னு கொட்டை எழுத்துல எழுதி மூலையில ஒளிச்சு வச்சிருக்கீங்களே! இன்னைக்கு உங்க விருந்துக்கே மொய்மொய் அவிக்கிறேன் பாருங்க."

"டெலிஷியஸ் இல்லை, டெலிடீரியஸ்" என்று உச்சரிப்பைத் திருத்தினேன்.

"அதான் சார். டெலிஷியஸுக்கும் ஒரு படி மேல. எனக்குத் தெரியாதா?"

அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஒருமுறை ஜன்னலுக்கு வந்து கேட்டாள். "பதினேழு வருஷமா பள்ளிக்கூடத்துல சோறு கிண்டுறே, இதுகூடத் தெரியாதா?" என்று பத்துப் பேருக்கு முன்னால் சொன்னேன். அதன்பின் எதையும் தெரியாது என்று அவள் சொன்னதே இல்லை. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

பேசினில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அடுப்படி என் இடத்திலிருந்து நாற்பது காலடி தூரம். நான் போகவில்லை. அரைத்த பயறும் மிளகாயும் இறால் கருவாடும் இலைக்குள் மொய்மொய்யாக வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது. நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எச்சரிக்கை உரையை எழுதினேன். நான்கு முறை திருத்தினேன்.

ஆம், நான் எச்சரித்தேன். இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும்.

நாற்பத்தொரு பேர். ஆளுக்கொரு இலைப்பொட்டலம். "சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறோம் சார், எடுத்து விடுங்க!" என்றார்கள். எழுந்தேன். "மாண்பமை மகாசபையோரே! தங்கள் திருமுன் வீற்றிருக்கும் இப்பயற்றுப் பதார்த்தம் தேக சௌக்கியத்துக்கு டெலிடீரியஸ் ஆதலின், தங்கள் நாவும் தந்தங்களும் அதனின்று விலகி நிற்றல் சாலச் சிறந்தது" என்று தொடங்கினேன்.

கூரை அதிரக் கைதட்டினார்கள். முதல்வர் வாய் நிறைய மொய்மொய்யோடு மேசையைத் தட்டி, "இதுதான்யா இங்கிலீஷ்! இந்த மனுஷனை இனி எங்கே தேடுவோம்!" என்றார். அரிட் கதவருகில் கரண்டியைச் சுழற்றி ஆடினாள். நான் அதே எச்சரிக்கையை ஏழு மாற்றுச் சொற்களில் திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்கும் கைதட்டல் கூடியது. இரண்டு வருடம், சார்ஜென்ட்.

ஒன்பதாவது நிமிடம். மிஸ் இமாபோங் மேசைக்கடியில் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் பேசும்போது அப்படிச் செய்வது மரியாதையில்லை. முகம் மாறியது. நாற்காலி விழ எழுந்து, "விஷம்! துப்புங்க! எல்லாரும் துப்புங்க!" என்று கத்தினார்.

எல்லாருக்கும் உடனே புரிந்தது. அந்தச் சொல்லில் அழகு ஒன்றும் கிடையாது.

ஏழு பேர். முதலில் போனவள் அரிட், உப்புப் பார்க்கிறேன் என்று அடுப்படியிலேயே இரண்டு தின்றிருந்தாள். முதல்வர் பிழைத்துவிட்டார், பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமே என்று மிஸ் இமாபோங் வாக்குமூலம் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மைதான். சொல்லியிருந்தால் கைதட்டல் நின்றிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. இதன் கீழே கையெழுத்துப் போடத் தயார்.

ஆனால் அவர் குறுக்கே விழாமல் இருந்திருந்தால் நானே காப்பாற்றியிருப்பேன். உரையின் கடைசி வரியில் எல்லாவற்றையும் தெளிவாக விளக்கியிருந்தேன். இதோ தாள், படித்துப் பாருங்கள்.

எங்கே நிறுத்திவிட்டீர்கள்? நடுவில் இருக்கும் நீளமான சொல்லா? என்ன கேட்டீர்கள்? இன்னொரு தரம் கேளுங்கள்.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

அந்த நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே போட்டுக்கொண்டு உட்காருங்கள், சார்ஜென்ட். அவசரமே இல்லை. முதலில் வேர்ச்சொல்லில் தொடங்குவோம்.