திருத்தம் போடாத பத்திரிகை

உங்கள் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் எங்கள் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்று கிடந்தது. அட்டையை யாரோ கிழித்து விசிறியாக்கிக்கொண்டார்கள். குறுக்கெழுத்துப் போட்டியை யாரோ பேனாவாலேயே நிரப்பியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் தப்பு, ஆனால் நல்ல தன்னம்பிக்கை. நீங்கள் என்னைக் கூப்பிடும்வரை சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல் அதைச் சரிசெய்து வைத்தேன். அரசாங்கப் பொருளில் கைவைத்தேன் என்று அதையும் குற்றத்தில் சேர்த்துக்கொள்வதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை, மேடம்.

இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் உங்கள் எழுத்தர் எழுதிய முதல் பக்கம். நல்ல மனிதர், தன் காசில் எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார். ஆனால் மேற்படி நபர் மேற்படி வாகனத்தில் மேற்படி இடத்துக்குப் போனார் என்று எழுதினால் யார் படிப்பார்கள்? நீதிபதியும் ஒரு வாசகர்தானே.

எங்களுடையது வாரப் பத்திரிகை. கலை, கலாசாரம், அரசியல் மூன்றும் என் மேஜை. ஆட்குறைப்புக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துப் பார்த்த வேலை. ஒருவனே பார்க்க ஆரம்பித்த பிறகு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அரசியல்வாதிகள் நடித்தார்கள், நடிகர்கள் அறிக்கை விட்டார்கள், கலாசாரம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டது.

தொழிலில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கங்கள் செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகும். வெள்ளிக்கிழமை காலை கடையில் தொங்கும். நடுவில் உள்ள நாட்களை உலகம் எங்களைக் கேட்காமல் இஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. வியாழக்கிழமை ஒரு கச்சேரி என்றால், வெள்ளிக்கிழமை வாசகர் அதன் விமர்சனத்தை எதிர்பார்ப்பார். ஆகவே திங்கட்கிழமையே எழுதிவிடுவேன். பாடப்போகிறவரைத் தெரியும், அவர் பாட்டைத் தெரியும், முன்வரிசையில் யார் தூங்குவார்கள் என்பதும் தெரியும். இதில் பெரிய ஊகம் ஒன்றும் இல்லை.

எதிர்ப் பத்திரிகையில் வாரம் தவறாமல் "வருந்துகிறோம்" என்று ஒரு கட்டம் வரும். எங்களுடையதில் வந்ததே கிடையாது. எங்கள் ஆசிரியரம்மா கூட்டம் போடும்போதெல்லாம் இதைச் சொல்லுவார். "திருத்தம் ஒரே ஒரு தடவதான் போடுவேன். அதுல உங்க பேர் இருக்கும். அதுக்கடுத்த இதழ்ல உங்க பேர் எங்கயுமே இருக்காது." அவர் சொன்னதைச் செய்கிறவர். ஆனால் அந்தப் பயத்தில்தான் நான் வேலை பார்த்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். அந்தக் கட்டத்தை நினைத்தாலே எனக்குக் கூசும். நான் சொன்னது இல்லை என்று நானே சொல்வதா?

ஒருமுறை பாடகி ஒருவர் கச்சேரியன்று தொண்டை கட்டிப் படுத்துவிட்டார். விமர்சனம் அச்சாகிவிட்டது. அவர் வீட்டுக்குப் போய், கெஞ்சி, தோளைப் பிடித்துக் காரில் ஏற்றி, மேடையில் உட்கார்த்திவைத்தேன். பாடினார். அதற்குப் பிறகு அவர் குரல் திரும்பவே இல்லை என்று கேள்வி. "இப்படி இன்னொருமுறை கேட்கக் கிடைக்குமா" என்று என் கட்டுரையை முடித்திருந்தேன். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

இன்னொருமுறை ஓர் அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டதாக எழுதியிருந்தேன். மனிதர் வியாழன் மத்தியானம்வரை நாற்காலியை விடுவதாக இல்லை. அவர் வீட்டம்மாவுக்கு ஒரு புகைப்படம் அனுப்பிவைத்தேன். பொழுது சாய்வதற்குள் குடும்பக் காரணம் சொல்லி விலகிவிட்டார். பொய்யை நான் அச்சிட்டதே இல்லை, மேடம். உண்மை சிலசமயம் தாமதமாக வரும். போய்க் கைபிடித்து அழைத்து வருவேன், அவ்வளவுதான்.

இனி முழக்கத்தைப் பற்றி. அவரை எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்கும் குரல். மேடை நாடகம், பிறகு சினிமா, பிறகு கட்சி, கடைசியாகக் கலாசார அமைச்சர். என் மூன்று பக்கங்களுக்கும் சேர்த்து ஒரே ஆள். அதோடு என் மனைவிக்குப் பெரியப்பா. சொந்தப் பிள்ளை இல்லாததால் அவளைத் தன் மகளாகவே வளர்த்தார். என்னை முதல்முறை பார்த்தபோது, "எழுதுற மாப்ளையா? சரி, சாப்பாட்டுக்கு நான் பாத்துக்கிறேன்" என்றார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதை உங்கள் எழுத்தர் விட்டுவிட்டார், தயவுசெய்து சேருங்கள்.

அவருக்கு ஒரு நினைவு மலர் பல வருடங்களாகத் தயாராக இருந்தது. எங்கள் தொழிலில் இது வழக்கம். பெரிய மனிதர்களை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவோம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நான் அதை எடுத்துத் தூசி தட்டுவேன், புதிதாக ஒரு பத்தி சேர்ப்பேன். அவரும் ஒவ்வொரு தடவையும் டிமிக்கி கொடுத்துவிட்டு வீடு திரும்புவார். நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். அவர் நன்றாக இருக்கும்வரை அதை யாரும் படிக்க முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டர் கையை விரித்துவிட்டார். "சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிடுங்க" என்றார். என் மனைவி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். வாசலில் கட்சிக்காரர்கள், சவப்பெட்டிக்கு வலது பக்கம் யார் நிற்பது, இடது பக்கம் யார் நிற்பது என்று அப்போதே சண்டையை ஆரம்பித்திருந்தார்கள். ஆசிரியரம்மா ஃபோனில் கேட்டார். "மெஷின் காத்துக்கிட்டு இருக்கு. போயிட்டாரா?"

வெள்ளிக்கிழமை வாசகரை மனத்தில் வைத்து "ஆமா மேடம்" என்றேன்.

புதன்கிழமை காலை மனைவி ஃபோன் செய்தாள். மூச்சிரைக்கப் பேசினாள். "பெரியப்பா கண்ணத் தொறந்துட்டாருங்க. காபி கேட்டு நர்ஸத் திட்டுறாரு!" நானும் சந்தோஷப்பட்டேன், தவறாக நினைக்காதீர்கள். சந்தோஷத்தில் அலுவலக மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் இதழ்க் கட்டுகள் ஏற்கனவே வண்டியில் ஏறி வெளியூர்களுக்குப் போய்விட்டன.

கொஞ்ச நேரத்தில் ஆசிரியரம்மா கூப்பிட்டார். "எந்த டிவிலயும் ஒண்ணும் சொல்லலையே?"

"வீட்டுல இன்னும் வெளிய விடல மேடம். வியாழன் சாயங்காலம் சொல்லுவாங்க."

பெரிய மனிதர்கள் இறப்பது ஒருநாள், அறிவிப்பது ஒருநாள் என்பது அவருக்கும் தெரியும் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை. வியாழன் சாயங்காலம் என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது. சொன்ன பிறகு அது ஒரு தகவலாகிவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனைவியை, குளித்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு வா என்று வீட்டுக்கு அனுப்பினேன். மூன்று நாளாகக் கண் மூடாதவள், என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

முழக்கம் தலையணைகளை அண்டக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். "வா மாப்ள. என்ன, மூஞ்சி தொங்குது? நான் பொழச்சது பிடிக்கலையா?"

ஒளித்து என்ன ஆகப்போகிறது? பையிலிருந்து இதழை எடுத்துக் கொடுத்தேன். கறுப்புக் கரை போட்ட அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். கட்டில் ஆடியது. "படம் ஜோரா இருக்கு. எனக்கு முடி இருந்தப்ப எடுத்ததா?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். ஒரு வரி விடவில்லை. முதல் நாடகத்தில் வசனத்தை மறந்துபோய், கதாநாயகியைப் பார்த்து விழித்துக்கொண்டே நின்று கைதட்டல் வாங்கிய இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் முடிக்கும்வரை நான் ஜன்னலோரம் நின்றேன். ஓர் எழுத்தாளனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது.

"நல்லா எழுதிருக்க. உயிரோட இருந்தப்ப ஒரு நல்ல வார்த்த எழுதுனியாடா நீ?"

"இடம் பத்தல மாமா."

கடைசிப் பத்தியில்தான் அவருக்குக் குறை. "குடும்பத்தார் சூழ்ந்திருக்க, மாலைப் பொழுதில் அமைதியாக விடைபெற்றார்" என்று எழுதியிருந்தேன். "அமைதியாவா? நானா? கூரையப் பிச்சுக்கிட்டுல்ல போவேன். அத மட்டும் மாத்து."

"அச்சாயிருச்சு மாமா."

என் நிலைமையைச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார். அவரும் ஒரு காலத்தில் வேலை போய்விடும் என்ற பயத்தோடு வாழ்ந்தவர்தான். "இதுக்கா இப்படி வேர்த்து ஊத்துற? அடுத்த வாரம் என்கிட்ட பேட்டி எடு. 'என் சாவுச் செய்திய நானே படிச்சேன்'னு தலைப்பு வை. எவன் பத்திரிகைல வரும் இது? உங்க ஆசிரியரம்மாகிட்ட நானே பேசுறேன். நான் சொன்னா உன்ன ஒண்ணும் செய்ய மாட்டாங்க. அந்த ஃபோன எடு."

பிரமாதமான யோசனை. பத்திரிகைக்காரனாகச் சொல்கிறேன், என் மலரைவிட நன்றாக விற்றிருக்கும். என் வேலையும் தப்பியிருக்கும். ஆனால் அந்தப் பேட்டியின் மூலையில் எங்காவது அந்தச் சின்ன "வருந்துகிறோம்" கட்டத்தைப் போட்டாக வேண்டும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் புரிந்திருக்காது. அவர் கலைஞர், தப்பாகப் போனதையே கைதட்டலாக்கிக்கொள்கிறவர்.

ஃபோனை எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த தலையணையை எடுத்தேன். முதுகுக்கு இன்னொன்று வைக்கிறேன் என்று நினைத்து, வசதியாக முன்னால் சாய்ந்து கொடுத்தார்.

அப்போது மாலைப் பொழுதாகியிருந்தது. "குடும்பத்தார் சூழ்ந்திருக்க" என்பதைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். குடும்பத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். அறை சின்னது, பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை இதழ் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோயிற்று. முந்தின நாள் சாயங்காலம் இறந்தவருக்கு மறுநாள் காலையில் வண்ணப் பக்கங்களோடு மலரா என்று ஊரே வாயைப் பிளந்தது. ஆசிரியரம்மா என்னை எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்கச் சொன்னார். என் மனைவி அந்த இதழைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறாள். "நீங்க எழுதினதாலதான் அவரு எப்படிப்பட்ட மனுஷன்னு ஊருக்குத் தெரிஞ்சுது" என்கிறாள். அவளிடம் இதை யார் சொல்லப்போகிறீர்கள் என்று தெரியவில்லை. நீங்களே சொன்னால் நல்லது. உங்கள் எழுத்தர் வேண்டாம்.

அச்சகத்தில் பைண்டிங் செய்கிறவர் முழக்கத்தின் பரம ரசிகர் என்பது எனக்குத் தெரியாமல்போயிற்று. அவர் செவ்வாய்க்கிழமையே மூக்கைச் சிந்திக்கொண்டு கட்டுக் கட்டியிருக்கிறார். வியாழக்கிழமை இறந்தவருக்காகச் செவ்வாய்க்கிழமை அழுத ஒரு மனிதரை நீங்கள் தேடிப் பிடித்தீர்கள். பாராட்டுகிறேன். காவல் துறையில் எங்கள் கலைப் பக்கங்களை இவ்வளவு ஊன்றிப் படிக்கிறவர்கள் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. அவர் சொன்னது சரி, அந்த ஒரு வார்த்தை தப்பு. அவர் அமைதியாகப் போகவில்லை. இந்த வயதில், இந்த உடம்பில், இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் மணிக்கட்டில் அவர் நகம் பட்ட இடத்தை உங்கள் டாக்டர் படம் எடுத்திருக்கிறார். அந்தக் குரல் தலையணைக்குள்ளிருந்தும் கேட்டது. என் பெயரைத்தான் சொன்னார், மாப்ள என்று அல்ல, முழுப் பெயர்.

அவர் இறந்த விதம் பற்றிய அறிக்கையை உங்கள் எழுத்தர் இன்னும் முடிக்கவில்லை என்று நினைக்கிறேன். அதில் "அமைதியாக" என்று மட்டும் ஒரு வார்த்தை சேர்த்துவிடச் சொல்லுங்கள், மேடம். அப்புறம் எங்கள் இதழில் தவறே இருக்காது.