ஈறு தெரிந்த படம்

சிரிக்கச் சொன்னால் யாருக்குமே சிரிக்கத் தெரியாது, டீச்சர். கல்யாணப் பெண்ணிலிருந்து வேலைக்கு மனுப் போடுகிறவர் வரை, என் ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார்ந்ததும் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வார்கள். நான் ஏதாவது கோணங்கித்தனம் பண்ணித்தான் வழிக்குக் கொண்டுவருவேன். அதுதான் என் பிழைப்பு.

என் மகள் பாப்பாவிடம் அந்தச் சிரமமே இல்லை. கேமராவைத் தூக்கினாலே வாயெல்லாம் பல். அவள் ஏன் இப்போது வகுப்பில் யாரோடும் சேர்வதில்லை என்று கேட்கத்தானே என்னைக் கூப்பிட்டீர்கள்? முன்பெல்லாம் பிள்ளைகள் அவளை எறும்பாக மொய்ப்பார்கள். சாயங்காலமானால் ஸ்டுடியோ சந்தைக்கடைதான். திரைக்குப் பின்னால் ஒளிவார்கள், லைட்டில் மாட்டும் குடையைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். எதிர்வீட்டு டெய்லர் மகள்தான் தலைவி. நான் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி.

பிறகு விளையாட்டு வாயாடி வீட்டு மொட்டை மாடிக்கு இடம் மாறியது. பாப்பா பையைக் கடைக்குள் எறிவாள், "டாட்டாம்மா" என்பாள், ஆளைக் காணோம். அவள் அப்பா வெளியூர் வேலையில் இருக்கிறார், எப்போதாவது தலையைக் காட்டுவார். எல்லார் கையிலும் போன் வந்தபிறகு நான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து அவள் சிரிப்பு மட்டும் கேட்கும். பொய் சொல்வானேன், எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவளைச் சிரிக்கவைத்துப் படம் எடுத்தேன். அகல லென்ஸை மாட்டி, முகத்துக்கு ரொம்பக் கிட்டே போய், கீழேயிருந்து எடுத்தேன். அப்படி எடுத்தால் எவ்வளவு நல்ல சிரிப்பும் வெறும் ஈறாகத்தான் தெரியும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு, செய்யவே கூடாது என்று முதலில் சொல்லித்தருவது அதைத்தான். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினேன்.

"ஐயே, நானாம்மா இது?"

"அதனால என்னடா செல்லம்? சிரிக்கறப்போ லேசா கையை வச்சுக்கோ. மத்தவங்கதான் ஒரு மாதிரி பாப்பாங்க. அம்மாவுக்கு நீ எப்பவும் அழகுதான்."

அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை.

மற்றதெல்லாம் தானாக நடந்தது. வகுப்பில் யார் வாயைத் திறந்தாலும் பாப்பா கையால் வாயைப் பொத்தி, தலையைக் குனிந்து சிரித்தாள். நம்மைத்தான் கேலி பண்ணுகிறாள் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அவர்கள் விலக விலக, தன் சிரிப்பு அசிங்கம் என்பது இவளுக்கு உறுதியாகிவிட்டது. எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

வாயாடி ஒருநாள் தனியாகக் கடைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஆன்ட்டி, அவ ஏன் எங்களைப் பாத்துச் சிரிக்கிறா? நாங்க என்ன பண்ணோம்?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். "அவ குணமே அப்படிம்மா, நீ மனசுல வச்சுக்காதே" என்று மிட்டாய் கொடுத்து அனுப்பினேன். பாப்பாவிடம், "வாயாடி வந்தா. உன் பல்லைப் பத்திதான் பேசிட்டுப் போனா" என்றேன். என் மடியில் படுத்து அழுதாள். நானும் அழுதேன், நிஜமாகத்தான்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஜாலியாக இருக்கிறோம். பள்ளிக்கூடம் விட்டால் நேரே கடைதான். சீட்டாட்டம், விடுகதை, ஒரே கும்மாளம். நேற்று நான் வேண்டுமென்றே தோற்றேன். சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், "நீ பாவம் பாத்துதானேம்மா என்கூட விளையாடறே?"

இல்லவே இல்லை என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினேன்.

"அம்மான்னா அப்படித்தான் சொல்லணும்" என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னப் பிள்ளை, வாய்க்கு வந்ததைப் பேசுகிறது.

ஆமாம், டீச்சர், அவளை இப்படி ஆக்கியது நான்தான். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் வாயாடியையும் அவளையும் உட்காரவைத்துப் பேசலாம் என்கிறீர்களே, அது மட்டும் வேண்டாம். மணி அடித்துவிட்டது, நான் கிளம்புகிறேன். பள்ளிக்கூட கேட்டுக்குப் பக்கத்தில் பாப்பா தனியாக நின்றுகொண்டிருப்பாள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?