கேட்காமல் நடந்த வழி

கெம்பிள்: ...பிரச்சனையே அதுதான் மேடம். இந்தப் புல்வெளியில மொதமொதல்ல நடந்தது மிஸஸ் கிராட்டன்தான், அதாவது நீங்கதான்னு ஊரே சொல்லுது. நடக்கறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டீங்களா?

டார்கஸ்: யாரைக் கேக்கணும்?

கெம்பிள்: நிலத்துக்காரரை. அப்ப இது மிஸ்டர் லிட்கேட்டோட நிலம். இதோ நிக்கிறாரே.

டார்கஸ்: எங்க நிக்கிறார்?

கெம்பிள்: உங்களுக்கு நாலடி தள்ளி...

டார்கஸ்: ஓ. நான் வேலிக்கம்பம்னு நெனச்சேன்.

லிட்கேட்: தம்பி, அந்தம்மாகிட்ட சொல்லுங்க. வேலிக்கம்பத்துக்குக் காது நல்லாவே கேக்குது.

டார்கஸ்: வாய்தான் வராதுன்னு சொல்லுங்க தம்பி. அதுவும் ஒரே ஒரு வார்த்தைக்கு.

கெம்பிள்: எந்த வார்த்தை?

டார்கஸ்: மன்னிப்பு.

கெம்பிள்: ஆ... அந்தக் காளைமாட்டு விஷயம். கடையில மிஸஸ் ஓக்கி சொன்னாங்க.

லிட்கேட்: ஸ்டாம்பு வாங்கப் போறவனுக்கெல்லாம் சொல்லுவா.

டார்கஸ்: இவரோட காளை... பேரு மேஜராம்... என் தோட்டத்துக்குள்ள பூந்து பீன்ஸ் பந்தலை மிதிச்சுத் தள்ளிடுச்சு. மறுநாள் ஊர்ல காய்கறிப் போட்டி. மூணு வருஷம் தொடர்ந்து எனக்குத்தான் முதல் பரிசு. அந்த வருஷம் தட்டுல வைக்க ஒரு பீன்ஸ் மிஞ்சலை.

லிட்கேட்: பந்தல் ஏற்கெனவே சாஞ்சுதான் இருந்ததுன்னு சொல்லுங்க.

டார்கஸ்: காளை முட்டினா சர்ச்சு கோபுரமே சாயும்!

கெம்பிள்: இருங்க, இருங்க... ரெண்டு பேரும் நேருக்கு நேராவே பேசிக்கலாமே. நான் ஏன் நடுவுல?

லிட்கேட்: நாங்க பேசறதில்லை.

டார்கஸ்: இருபது வருஷத்துக்கு மேலயே ஆச்சு. போட்டிக்கு மறுநாளே ஊர் ரெண்டாயிடுச்சு. பப்புல இந்தப் பக்க மேஜை பந்தல் கட்சி, அந்தப் பக்க மேஜை காளை கட்சி.

கெம்பிள்: ரொம்ப நல்லதாப் போச்சு.

லிட்கேட்: என்னது?

கெம்பிள்: இல்ல சார்... என் வேலைக்கு நல்லது. பாருங்க, நிலத்தை உங்ககிட்ட வாங்கின மிஸ்டர் ஃபேன்ஷா முள்கம்பி கட்டிட்டார். இது பொது வழியான்னு இன்னிக்கு நான் கவுண்டி ஆபீஸ்லேர்ந்து பாக்க வரேன்னுதான் அவிழ்த்து வெச்சிருக்கார். 'அடுத்தவன் நிலத்துல கேக்காம எவனாவது நடப்பானா? அந்தம்மா கேட்டிருப்பாங்க, கிழவர் சரின்னிருப்பார். மத்தவங்க அந்தம்மாவைப் பாத்து நடந்திருப்பாங்க.' இது அவர் வக்கீலோட வாதம்.

லிட்கேட்: கிழவர்?

கெம்பிள்: வக்கீல் சொன்னது சார். அப்படிக் கேட்டிருந்தா, இது நீங்க காட்டின தயவு. நிலம் கை மாறினா தயவும் போச்சு. ஆனா கேக்காம, ஒளிவுமறைவில்லாம, யாரும் தடுக்காம இருபது வருஷம் நடந்திருந்தாங்கன்னு வைங்க... இது ஊரோட வழி. ராஜாவே வந்தாலும் மூட முடியாது.

லிட்கேட்: அப்ப நிலத்துக்காரன் நல்லவனா இருந்தா வழி போயிடும்.

கெம்பிள்: சட்டப்படி... ஆமா சார்.

டார்கஸ்: இவர் விஷயத்துல அந்தப் பயமே வேண்டாம் தம்பி.

கெம்பிள்: தடுத்திருக்காரா? அதட்டல், திட்டு, குச்சியை ஓங்கறது...

டார்கஸ்: பேசினாத்தானே அதட்ட? என்னைக் கண்டா முதுகைத் திருப்பிக்குவார். முன்பக்கத்துக்கு அந்த முதுகே தேவலை.

கெம்பிள்: சரி. வழி மூடிட்டா நீங்க ரோட்டைச் சுத்திப் போகணும். அதுல என்ன அப்படிக் கஷ்டம்?

டார்கஸ்: ஊர் நடுவுல போகணும். கடை வாசல்ல மிஸஸ் ஓக்கி. பப் ஜன்னல்ல பெட்டிஃபர். எங்க போறே, எப்ப வருவே, கூடையில என்ன...

கெம்பிள்: கூடையில என்ன?

டார்கஸ்: பாத்தீங்களா, நீங்களே கேக்கறீங்க! ஆப்பிள் கேக்.

கெம்பிள்: எங்க போறீங்க?

டார்கஸ்: சர்ச்சுக்கு. ஆத்தைத் தாண்டினா சர்ச்சுதானே.

கெம்பிள்: தினமுமா?

டார்கஸ்: ஜாடியில பூ மாத்த வேண்டாமா?

கெம்பிள்: கேக்கு?

டார்கஸ்: அது... பாதிரியாருக்கு.

கெம்பிள்: பாதிரியார் போன வாரமே லீவுல போயிட்டாராமே. சாட்சி கேக்கலாம்னு போனா வீடு பூட்டிக் கிடக்கு.

டார்கஸ்: அடடா... எனக்கு யாரும் சொல்லலையே.

லிட்கேட்: தம்பி, மழை வரும்போல இருக்கு. கேள்வியைக் கேட்டு முடிங்க.

கெம்பிள்: இதோ ஆச்சு சார். வேலிமேல இருக்கற இந்த மரப்படியில ஏறித் தாண்டி அந்தப் பக்கம் வந்தீங்கன்னா வழி எங்க முடியுதுன்னு...

டார்கஸ்: அவரால ஒரே மூச்சுல ஏற முடியாது. இடது முட்டி. ஈரக்காத்து பட்டா மடங்காது.

கெம்பிள்: ...பேசறதே இல்லைன்னீங்க.

டார்கஸ்: நடக்கறதைப் பாத்தாத் தெரியாதா? எதிரியைத்தான் உத்துப் பாக்கணும்.

கெம்பிள்: அது சரி. சார், உங்க கால்மேல படுத்திருக்கே, அது உங்க நாயா?

லிட்கேட்: எது? ...இதுவா? இல்லையே.

டார்கஸ்: என்னோடது. பிஸ்கட்! வா இங்க! ...பிஸ்கட்! வெக்கமில்லாத ஜென்மம். அதுக்கு ஆள் தராதரம் தெரியாது தம்பி.

கெம்பிள்: சுகமா தூங்குதே.

லிட்கேட்: பூட்ஸ்ல மாட்டு வாசனை. நாய்க்குப் பிடிக்கும்.

கெம்பிள்: மாடெல்லாம் வித்து ரெண்டு வருஷமாச்சுன்னு சொன்னாங்க.

லிட்கேட்: வாசனை அவ்வளவு சீக்கிரம் போகாது.

கெம்பிள்: இருக்கட்டும். கடைசிக் கேள்வி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்றதை நாளைக்கு ஊர் மண்டபத்துல எல்லார் முன்னாடியும் சத்தமா படிப்பாங்க. மிஸ்டர் லிட்கேட், மிஸஸ் கிராட்டன் இந்த நிலத்துல நடந்துக்கலாம்னு நீங்க என்னிக்காவது அனுமதி குடுத்தீங்களா?

லிட்கேட்: நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் தம்பி.

கெம்பிள்: அதனாலதான் உங்களைக் கேக்கறேன்.

டார்கஸ்: யோசிக்க ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க அவர்கிட்ட.

லிட்கேட்: ஒரு தடவை...

டார்கஸ்: பிஸ்கட்! எழுந்திருன்னா எழுந்திரு!

கெம்பிள்: மேடம், நாய் தூங்கிட்டுதான் இருக்கு. சொல்லுங்க சார்... ஒரு தடவை?

லிட்கேட்: ...ஒரு தடவைகூட இல்லை.

கெம்பிள்: அந்தப் பந்தல் விஷயமா மன்னிப்பு, சமாதானம்... அப்படி ஏதாவது பேசும்போது, சும்மா ஒரு வார்த்தைக்கு...

லிட்கேட்: இல்லை.

கெம்பிள்: மன்னிப்பே கேக்கலை?

லிட்கேட்: இல்லைன்னேனே. எத்தனை தடவை சொல்லணும்?

கெம்பிள்: ஊரே கேக்கும் சார். கொஞ்சம் சங்கடமா இருக்கலாம்.

லிட்கேட்: கேக்கட்டும். முரடன்னு பேர் எடுத்தாச்சு, அதை எழுதியும் வெச்சுக்கோங்க.

கெம்பிள்: நீங்க மேடம்? அவர்கிட்ட அனுமதி கேட்டதும் இல்லை, அவர் குடுத்ததும் இல்லை?

டார்கஸ்: மன்னிப்பே வராத வாயிலேர்ந்து அனுமதி எப்படித் தம்பி வரும்?

கெம்பிள்: அப்படியே எழுதிக்கறேன். இதுக்கு மேல வக்கீல் என்ன கேப்பார்னு எனக்குத் தெரியலை. ஊர் பூரா சாட்சி இருக்கு. அறுவடை விருந்துல உங்க ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல உக்கார வெச்சாங்களாமே, ஆளுக்கொரு சுவத்தைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டீங்களாமே?

டார்கஸ்: சுவர்ல ஓதம், ஒரே ஈரம். அதைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டதுல எனக்கு ரெண்டு நாள் செரிக்கலை.

கெம்பிள்: எங்க ஆபீஸ்ல இந்த மாதிரி சண்டை கிடைக்கறது அபூர்வம். நட்பா இருக்கற ஊர்லதான் வழியெல்லாம் மூடிப் போகுது. நான் கிளம்பறேன் சார். வரேன் மேடம்.

டார்கஸ்: நல்லது தம்பி. பாலத்துல மெதுவாப் போங்க, வாத்து குறுக்க வரும்.

கெம்பிள்: சரி. அப்புறம்... சாயங்காலம் கம்பியைத் திரும்பக் கட்டிடுவாங்க. அதுக்குள்ள திரும்பிடுங்க மேடம்... சர்ச்சுலேர்ந்து.

டார்கஸ்: ...ம்.

கெம்பிள்: கேக்கும் ஆறிடப் போகுது. நான் வழியை மட்டும்தான் விசாரிக்க வந்தேன்.

லிட்கேட்: போயிட்டாரா?

டார்கஸ்: பேசாதே. கார் பாலத்தைத் தாண்டட்டும்.

லிட்கேட்: ...

டார்கஸ்: தாண்டியாச்சு.

லிட்கேட்: அந்தாளுக்குத் தெரிஞ்சுபோச்சு.

டார்கஸ்: தெரிஞ்சாலும் எழுதிக்கலை. படிச்ச பையன்.

லிட்கேட்: அந்த நாயை ஏன் கூட்டிட்டு வந்தே?

டார்கஸ்: விட்டுட்டு வந்தா மட்டும் வராதா? உன் வீட்டுக்கு என்னைவிட அதுக்குத்தான் வழி நல்லாத் தெரியும்.

லிட்கேட்: என் ஆயுசுலேயே நான் சொன்ன முதல் பொய், டார்கஸ்.

டார்கஸ்: சந்தையில கிழட்டு மாட்டுக்கு வயசு குறைச்சது?

லிட்கேட்: அது வியாபாரம். இது வேற. ...அன்னிக்கே ஊர்ல சொல்லித் தொலைச்சிருக்கலாம். போட்டி முடிஞ்சு மூணு வாரம்கூட ஆகலை.

டார்கஸ்: எப்படிச் சொல்றது? அதுக்குள்ள பெட்டிஃபர் எனக்காகத் தன் சொந்த மச்சானோட பேச்சை நிறுத்திட்டார். உனக்காக ரெண்டு பேர் சர்ச்சுல மணி அடிக்கறதையே விட்டாங்க. ஊர் அவ்வளவு சிரமப்பட்டப்புறம், 'எங்களுக்குள்ள எல்லாம் சரியாயிடுச்சு'ன்னு எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போய் நிக்கறது?

லிட்கேட்: அதுவும் சரிதான். மரியாதையா இருக்காது.

டார்கஸ்: இருக்காதுல்ல.

லிட்கேட்: பெட்டிஃபரும் மச்சானும் இப்பவும் பேசறதில்லை.

டார்கஸ்: அவங்களுக்கு அதுலதான் நிம்மதின்னு அவர் பொண்டாட்டியே சொல்றா.

லிட்கேட்: ...நாளைக்கு மண்டபத்துல படிப்பாங்க. கடைசி வரைக்கும் ஒரு மன்னிப்பு கேக்காத மனுஷன்னு. செத்தாலும் அதைத்தான் கல்லுல வெட்டுவாங்க.

டார்கஸ்: நல்ல கல்லாப் பாத்து வெக்கச் சொல்றேன்.

லிட்கேட்: கேலி பண்ணாதே. ஊர் என்ன வேணா சொல்லட்டும். நீ சொல்லு. நான் கேட்டேனா, இல்லையா?

டார்கஸ்: கேட்டே, ஆம்ப்ரோஸ். கொட்டற மழையில தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு, என் பின்வாசல்ல நின்னு கேட்டே. 'தப்பு என்னோடதுதான். இனிமே நீ ரோட்டைச் சுத்த வேண்டாம், என் புல்வெளி வழியா எப்ப வேணா நடந்துக்கோ, வந்தா ஒரு டீ போட்டுத் தரேன்'னே. அன்னிலேர்ந்து வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்... கையைக் குடு, படியில பாத்து ஏறு. கேக் ஆறுது.