முடுக்கியாச்சு

ராணுவத்துக்காரன் அடித்த பெயிண்டை உரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, ஐயா. ஒரு பச்சையைச் சுரண்டினால் அடியில் மண் நிறம். அதையும் சுரண்டினால் இன்னொரு பச்சை. அதற்கும் கீழே செங்காவி பிரைமர். அந்த டிரெய்லரின் பக்கத் தகடுகளை உரிக்க மட்டும் எனக்கு நான்கு நாள் ஆனது. நகக்கண்ணில் ஏறிய பச்சை இன்னும் போகவில்லை, பாருங்கள்.

நேராக விஷயத்துக்கு வா என்கிறீர்கள். இதுதான் விஷயம். வேலையை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டான் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடுவீர்கள். நான் ஆத்திரப்படவில்லை. ஐந்து வாரம் நிதானமாகச் செய்த வேலை அது.

எங்கள் பட்டறை முதலாளி அதை ராணுவக் கழிவு ஏலத்தில் எடுத்துவந்தார். இரண்டு சக்கரம், ஒரு டன் தாங்கும். ஜெனரேட்டரை வேலை நடக்கும் இடங்களுக்கு இழுத்துப் போகப் புது டிரெய்லர் வாங்க அவருக்கு வசதி இல்லை. வந்து இறங்கியபோது அதன் தொட்டிக்குள் ஒரு முள்செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. கருவிப் பெட்டியில் குளவிக் கூடு. பெயிண்டர் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன முதலாளி, சண்டைக்கா கிளம்பறோம்?"

"ஆமா. முதல் சண்டையே உன்கூடத்தான்."

"இது தோத்த பக்கத்து வண்டி மாதிரி இருக்கே."

"உன்னைவிட நல்லாத்தான் இருக்கு, போ." பிறகு என் பக்கம் திரும்பினார். "கையைக் கடிக்காம முடிச்சுக் குடுடா. ஆனா இழுக்கறவனுக்கு பயம் இருக்கக் கூடாது." கொஞ்சம் குரலை இறக்கி, "அண்ணிகிட்ட பேசினியா?" என்றார்.

நான் குளவிக் கூட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கையைக் கடிக்காமல்தான் முடித்தேன். தரைத் தகடு சல்லடையாக இருந்தது. உடைத்துப் போட்டிருந்த இரும்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றிலிருந்து வெட்டி எடுத்துப் பற்றவைத்தேன். பாரம் தாங்கும் வில் பட்டையில் இரண்டு இடத்தில் விரிசல்; ஒரு பழைய வேனின் பட்டைகளைப் போட்டு, ஜெனரேட்டரின் பாரத்தை நினைத்து ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துக் கட்டினேன். பேரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினால் கண்ணாடி மாதிரி வந்தன. கிரீஸ் விஷயத்தில் ராணுவத்துக்காரன் கஞ்சன் இல்லை. பக்கப் பலகைகளுக்கு மெஷின்கள் வந்த பெட்டிகளின் மரம். பெயிண்டர் மிச்சம் மீதி டப்பாக்களைக் கலக்கி ஒரு பச்சை கொண்டுவந்தார். பாசி பிடித்த கிணறு மாதிரி இருந்தது. அதையே அடித்தோம். மேலே மூட அண்ணி ஒரு தார்ப்பாய் தைத்துக் கொடுத்தார்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. பட்டறையின் பின்கட்டில் அவர்தான் வண்டிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறார். அண்ணன் செத்த மாதமே முதலாளி மெஷின் வாங்கிப் போட்டு அவரை அங்கே உட்காரவைத்தார்.

என் அண்ணன் அங்கே வெல்டராக இருந்தார். பதினொரு வருஷத்துக்கு முன்னால், காலை பத்தரை மணிக்கு, ஒரு ஜீப்பின் பெட்ரோல் டேங்க்கில் ஒட்டுப் போடப் போனார். பெட்ரோல் டேங்க்கை மூன்று தண்ணீர் கழுவாமல் எந்த வெல்டரும் தீயைக் கிட்டே கொண்டுபோக மாட்டான். முதல் தண்ணீரில் சோப்பு, மற்ற இரண்டும் வெறும் தண்ணீர், கழுவியதும் வாய் வரை நிரப்பி வைக்க வேண்டும். அண்ணன் கேட்டார். அது எனக்கே காதில் விழுந்தது.

"கழுவியாச்சா முதலாளி?"

"ஆச்சு, ஆரம்பி" என்றார் அவர்.

மூடி பறந்து கூரைத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. அண்ணனைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். மருத்துவமனைக் காகிதம் உங்களிடம் இருக்கிறது.

ஆச்சு என்கிற சொல்லை நீங்கள் யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? கழுவினேன் என்றால் ஓர் ஆள் தெரிகிறான். கழுவினான் என்றாலும் தெரிகிறான். கழுவியாச்சு என்றால் யாரும் இல்லை, வேலை தானே நடந்துகொண்ட மாதிரி. விசாரணையில் அந்த ஒரு சொல்லுக்குள் புகுந்துகொண்டு முதலாளி வெளியே வந்துவிட்டார். கழுவியாச்சு என்று காதில் விழுந்தது, அதைத்தான் சொன்னேன், யார் சொன்னார்கள் என்று நினைவில்லை என்றார். கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஆள் மாறிவிட்டதாகப் பட்டறையில் பேசிக்கொள்வார்கள். ஆச்சு என்ற சொல்லையே உள்ளே தடை செய்துவிட்டார். யாராவது "போல்ட் போட்டாச்சு முதலாளி" என்றால் போதும்.

"யார் போட்டா?"

"நான்தான்."

"அப்ப நான் போட்டேன்னு சொல்லு. வாய் வலிக்குதா?"

சொன்ன பிறகும் விடமாட்டார். தானே குனிந்து ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொட்டுப் பார்ப்பார். பெயிண்டர் சாப்பிட உட்கார்ந்தால்கூட, "முதலாளி, நான் கையைக் கழுவினேன். நானேதான் கழுவினேன். வந்து தொட்டுப் பாக்கறீங்களா?" என்று கத்துவார். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன்.

ஒரே ஒருவன் வேலையை மட்டும் அவர் தொட்டுப் பார்த்ததில்லை. என் வேலையை. "அவன் செஞ்சா சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவார். அண்ணன் உயிருக்கு எனக்குப் போடும் எலும்புத் துண்டு அது என்று நினைத்தேன். பதினொரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கவ்விக்கொண்டிருந்தேன்.

முதலாளிக்குக் கட்டை என்று பட்டப்பெயர். ஆளும் குட்டை, கையிலும் எப்போதும் ஒரு மரக்கட்டை. எங்கள் பட்டறை சாலையைவிடத் தாழ்வு. எந்த வண்டியும் ஒரு சரிவில் ஏறித்தான் கேட்டுக்குப் போக வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி சரிவில் ஏறும்போது, அது பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு அடியில் போட, கட்டையைத் தூக்கிக்கொண்டு அவரே பின்னால் நடந்து வருவார். வேறு யாரையும் விடமாட்டார். வேறு யாராவது செத்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று காலையில் கேட்டீர்கள். அதற்கு இதுதான் பதில். அந்த இடத்தில் வேறு யாரும் நிற்பதில்லை. நான் அவ்வளவு மோசமானவன் இல்லை.

அந்த டிரெய்லரின் மூக்கில், டிராக்டர் கொக்கியில் மாட்டுவதற்கு ஓர் இரும்பு வளையம் இருக்கும். மேடு பள்ளத்தில் வண்டி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ராணுவத்துக்காரன் அதைச் சுழலும்படி செய்திருப்பான். வளையத்தின் தண்டு சட்டத்துக்குள் புகுந்து பின்பக்கம் வரும். அங்கே ஒரு பெரிய நட்டு, நட்டு கழலாமல் இருக்க அதற்குக் குறுக்கே ஓர் இரும்பு ஊசி, பின் என்போம். மொத்த வண்டியும் அந்த ஒரு நட்டில்தான் தொங்குகிறது.

அதைக் கடைசியாக மாட்டினேன். நட்டை முழுக்க முடுக்காமல் இரண்டே புரியில் நிறுத்தினேன். பின் போடவில்லை. பின் இருக்க வேண்டிய இடத்தில் கிரீஸை அப்பி, மேலே பெயிண்டை ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். பாதுகாப்புச் சங்கிலி இல்லாவிட்டால் டிராக்டர்காரர் வண்டியைத் தொட மாட்டார். அதனால் சங்கிலியும் போட்டேன். சட்டத்தில் மாட்ட வேண்டிய நுனியை வளையத்தின் கழுத்திலேயே மாட்டினேன். வளையம் போனால் சங்கிலியும் கூடவே போகும். மேலோட்டமாகப் பார்ப்பவனுக்குச் சங்கிலி இருக்கிறது, அவ்வளவுதான்.

மற்றபடி அந்த வண்டியில் ஒரு குறை சொல்ல முடியாது. விளக்கு எரிகிறது, கைபிரேக் பிடிக்கிறது. நீங்கள் இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

அன்று காலை வெயில் ஏறும் முன்பே ஜெனரேட்டரைத் தூக்கி வைத்தோம். அண்ணி தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டினார். கட்டும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார், "முதலாளிக்கு மனசுல என்னமோ இருக்கு தம்பி. என்னைப் பார்த்தா எதையோ சொல்ல வர்றார், அப்புறம் முழுங்கிடறார். நீ கேட்டுப் பாரேன்."

"கேக்கறேன் அண்ணி" என்றேன்.

டிராக்டரைப் பின்னால் கொண்டுவந்து மாட்டினார்கள். முதலாளி கட்டையோடு வந்தார். டயரைத் தட்டினார், பலகையை ஆட்டிப் பார்த்தார். அவை பெயிண்டர் மாட்டியவை. வளையத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"நட்டை முடுக்கினியாடா?"

"முடுக்கியாச்சு முதலாளி" என்றேன்.

வேண்டுமென்றுதான் சொன்னேன். அந்தச் சொல் அவர் காதில் விழ வேண்டும், அது விழுந்த பிறகே மற்றது நடக்க வேண்டும் என்பது ஐந்து வாரமாக என் ஆசை. யார் முடுக்கினா என்று கேட்பார், குனிந்து தொட்டுப் பார்ப்பார் என்று ஒரு கணம் எனக்கே பட்டது. தொட்டிருந்தால் விரலில் கிரீஸ் ஒட்டியிருக்கும், நட்டு ஆடியிருக்கும். நான் மாட்டிக்கொண்டிருப்பேன்.

அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

சரிவின் முக்கால் பங்கு ஏறும்வரை நட்டு தாங்கியது. அதன்பின் டிராக்டர் திடீரென்று பாரம் குறைந்து முன்னால் துள்ளியது. டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்து, "முதலாளி, ஓடுங்க" என்றார். அவர் ஓடவில்லை. பழக்கதோஷம். குனிந்து சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டார். நல்ல கட்டைதான். ஆனால் உருண்டு வருகிற வேகத்தில் ஒரு டன்னை ஒரு கட்டை நிறுத்தாது. டயர், நான் சேர்த்த கூடுதல் பட்டை, புதுத் தரை எல்லாமே சரியாக இருந்தன. வண்டி கோணாமல் நேராக இறங்கியது.

பெயிண்டர் அழுதார். அண்ணி அந்தத் தார்ப்பாயாலேயே முதலாளியை மூடினார்.

இதோடு முடிந்தது என்று எழுந்திருக்கப் போனேன். நீங்கள்தான் உட்காரச் சொல்லிப் பழைய விசாரணைக் கட்டைப் பிரித்தீர்கள். கழுவியாச்சு என்று முதலாளிக்குச் சொன்னது யார், நினைவில்லை என்கிறாரே, பத்தே பேர் இருக்கிற பட்டறையில் அது எப்படி மறக்கும் என்று கேட்டீர்கள். டேங்க் கழுவும் வேலை அந்த வாரம் யாருடையது என்றும் கேட்டீர்கள்.

என்னுடையது.

அன்று குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது, ஐயா. ஒரு வாளி நிரம்பக் கால் மணி நேரம். ஒரு தண்ணீர் அலசினேன், சோப்புகூடப் போடவில்லை. அதற்குள் டீ வந்துவிட்டது. முதலாளி அந்தப் பக்கம் போகும்போது கேட்டார், கழுவியாச்சா என்று. டீ கிளாஸோடு தலையை ஆட்டி, ஆச்சு என்றேன். அந்த ஒரு சொல்தான். அவர் போய்ப் பார்த்திருக்க வேண்டும். முதலாளி என்றால் பார்க்க வேண்டாமா? பார்த்திருந்தால் என் அண்ணன் இன்று இருந்திருப்பார். அதனால்தான் சொல்கிறேன், கொன்றது அவர்.

உங்களிடம் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு முறை என்னைத் தனியாகப் பார்த்து, அண்ணிகிட்ட பேசினியா என்று மட்டும் கேட்பார். திட்டியிருக்கலாம், காட்டிக்கொடுத்திருக்கலாம், வேலையைவிட்டுத் துரத்தியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. என் வேலையைத் தொட்டுப் பார்க்காமல் கடந்துபோனார். ஒரு மனிதன் இன்னொரு மனிதனை இவ்வளவு காலம் இப்படி வதைக்கலாமா?

கடைசிப் பக்கத்தில் என் கைப்பட ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். "என் அண்ணனைக் கொன்னவனைக் கொன்னாச்சு."

யார் கொன்றது என்று இதில் இல்லையே என்கிறீர்கள். இல்லைதான், ஐயா. அதைக் கேட்பதற்கு ஒருவர் இருந்தார்.